நாலுவிரலின் மூன்றாவது பை

கழுவுமிடத்தில் ஐந்து வாளி, மூன்று சல்லடை, ஒரு குழாய். தண்ணீர் மலையிலிருந்து நேராக இறங்கி வருவதால் மழை தொடங்கிவிட்டால் விரல் மரத்துப்போகும். அங்கே ஒன்பது வருடமாக ஒரே வேலை செய்கிறாள் விதைக்காரி. ஆபீஸ் காகிதத்தில் அதைக் கரடியின் எச்சம் அலசுதல் என்று எழுதுவார்கள். வேலை செய்கிறவர்கள் வாயில் எச்சத்துக்கு ஒரே எழுத்துதான்.

சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அவளுக்கு அது அருவருப்பாக இருந்ததே இல்லை. பழக்காலத்துக் கரடியின் எச்சம் பழமாகவே நாறும். புளித்துப்போன சாறும் ஈர மண்ணும் நசுங்கிய இலையும் சேர்ந்த வாசனை அது. கண்ணை மூடிக்கொண்டால் ஒரு மலையே வாளிக்குள் இறங்கி உட்கார்ந்த மாதிரி இருக்கும். பகல் சாப்பாட்டை அவள் கழுவுமிடத்துப் பெஞ்சிலேயே பிரித்து வைத்துச் சாப்பிடுவாள். பக்கத்து அறைத் தட்டச்சுக்காரர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, மூன்று நாள் தன் டப்பாவைத் திறக்கவில்லையாம்.

வேலைக்குக் காரணம் ஒரு மரம். கருங்கொட்டை என்று பெயர். மலையின் மேல்சரிவை விட்டு வேறெங்கும் வளராது. அதன் பழத்தைப் பறித்து விதையை மண்ணில் போட்டால் நூற்றுக்கு நூறும் அழுகும். கரடி தின்று, அதன் வயிற்றில் ஒரு நாள் புரண்டு, வெளியே வந்து விழுந்த விதை மட்டும் இருபது நாளில் ஓட்டை உடைத்துக்கொண்டு தலை நீட்டும். ஆகவே பாதுகாக்கப்பட்ட அந்தக் காட்டின் நாற்றங்காலில் கரடிதான் மூத்த ஊழியர், சம்பளம் வாங்காதவர். விதைக்காரி அதற்கு அடுத்த படி. தீப்பிடித்து மொட்டையாகிப்போன கிழக்குச் சரிவில் இன்று ஆள் உயரம் நிற்கிற அத்தனை கன்றும் அவள் சல்லடையில் ஒருநாள் தங்கியவை. பஸ்ஸில் போகும்போது அந்தப் பக்கம் ஜன்னலோரம் கிடைத்தால் அன்றைக்கு அவளுக்கு வேறெதுவும் வேண்டாம்.

எச்சத்தைப் பொறுக்கி வருகிறவர் காவலர். பகலெல்லாம் காட்டுக்குள் நடப்பதால் நடையன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பையின் மேல் தேதியும் இடமும் எழுதி, பக்கத்தில் தடம் இருந்தால் அதையும் குறிப்பார். அந்தச் சரிவை ஆண்டது ஒரு பெண் கரடி. எந்தக் காலத்திலோ கண்ணியில் மாட்டி முன்காலில் ஒரு விரல் போய்விட்டதால் அதற்கு நாலுவிரல் என்று பெயர். ஈர மண்ணில் அதன் தடத்தைக் கையெழுத்து மாதிரி படித்துவிடலாம்.

"தங்கச்சி, உன் நாத்தனார் பார்சல் அனுப்பியிருக்கா" என்று நடையன் பையை மேஜையில் வைப்பார். இந்த வருடப் பழக்காலத்தின் முதல் பையையும் அப்படித்தான் வைத்தார். ஆனால் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

பையைப் பிரித்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது பழ வாசனை இல்லை. பலமுறை சுட்ட எண்ணெயும் கெட்டுப்போன பாலும் கலந்து குடலைப் பிடுங்குகிற நாற்றம். வாளியில் கரைத்தபோது தண்ணீரின் மேல் கொழுப்பு வட்டம் வட்டமாக மிதந்தது. சல்லடையில் தங்கியவை: அலுமினியத் தாள், ஆரஞ்சுத் தோல், கறி ஒட்டிய காகிதத் துடைப்பான், ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் குச்சி. குச்சியின் நுனியில் சுண்டுவிரல் நகமளவு ஒரு கரடித் தலை, இரண்டு காதோடு சிரித்துக்கொண்டிருந்தது. கருங்கொட்டை ஒன்றுகூட இல்லை.

ஒன்பது வருடத்தில் முதல்முறையாக விதைக்காரி வாளியை விட்டுத் தள்ளி நின்று மூக்கைப் பொத்தினாள். பிறகு வந்து உட்கார்ந்து, பதிவேட்டில் ஒன்று விடாமல் எழுதினாள். எழுதிவைத்தால் கேட்க ஆள் இருக்கிறது என்று நம்புகிற சாதி அவள்.

எங்கிருந்து வந்தது என்று யோசிக்கத் தேவையே இல்லை. காட்டின் வாசலில், பாதுகாக்கப்பட்ட எல்லைக்கு நாற்பது அடி உள்ளே, போன வருடம் ஒரு விருந்தினர் விடுதி எழும்பியது. பின்புறம் கண்ணாடி போட்ட ஒரு மாடம். சாயங்காலம் ஐந்தரைக்கு அங்கே நாற்காலிகள் நிரம்பும். சமையல்கட்டின் பின்கதவைத் திறந்து எச்சில் தொட்டியைக் கல்மேடையில் கவிழ்ப்பார்கள். ஆறு மணிக்குள் கரடி வந்துவிடும். விருந்தினர்கள் கையில் கோப்பையோடு கைதட்டுவார்கள். அதற்கு வனவிலங்கு தரிசனம் என்று பலகை. தொட்டியைக் கவிழ்க்கிற கை அவளுடைய அக்கா புருஷனுடையது.

மாமாதான் அந்த விடுதியின் சமையல்காரர். விதைக்காரிக்கு வேறு வீடு கிடையாது. அக்கா வீட்டின் பின்னறைதான். மாமா நல்லவர். கொழுந்தியாள் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளாததைப் பற்றி ஊரே பேசியபோது, அவள் கரடிக்கு வாக்கப்பட்டவள், விடுங்கள் என்று சிரித்துக் காரியத்தை முடித்துவிட்டவர். தினமும் வேலை முடிந்து வரும்போது ஒரு டப்பா கொண்டுவருவார். மிஞ்சிய ரொட்டி, உருளைக்கிழங்கு வறுவல், கேக். அக்கா மகளுக்கு ஆறு வயது. அந்த டப்பாவின் சத்தம் கேட்டால் படிக்கிற புத்தகத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவாள்.

முதல் பை வந்த அன்றைக்கு டப்பாவில் கேக் இருந்தது. துண்டுக்கு ஒன்றாகச் சிவப்புக் கரடித் தலைக் குச்சி. அக்கா மகள் குச்சியை உருவி, ஒட்டியிருந்த க்ரீமை நாக்கால் வழித்துவிட்டு, ஜன்னல் விளிம்பில் கொண்டுபோய் வைத்தாள். அங்கே ஏற்கெனவே பதினாறு தலை வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தன. விதைக்காரி தட்டைத் தள்ளிவிட்டு வயிறு சரியில்லை என்றாள். பொய்யில்லை. காலையில் சல்லடையில் கண்டது ராத்திரி தட்டில் வந்து நின்றால் எந்த வயிறு சரியாக இருக்கும்? கரடிக்கும் தங்களுக்கும் ஒரே பந்தி என்று தோன்றியது. கரடி முதல் பந்தியா இரண்டாம் பந்தியா என்பதுதான் தெரியவில்லை.

மாமாவிடம் எதுவும் கேட்கவில்லை. தங்கியிருக்கிற வீட்டில் உப்புக் குறை சொல்ல வாய் வரவில்லை. பதிவேடு பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டாள். ஆறு நாள் கழித்து இரண்டாவது பை வந்தது. அதில் குச்சி நான்கு, கோழி எலும்பு, கையுறையின் விரல் ஒன்று. அதையும் எழுதினாள். எடை, இடம், தடம், எல்லாம் முத்து முத்தாக.

மூன்றாவது பையை நடையன் கையில் பிடித்துக்கொண்டு வரவில்லை; குச்சியில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். மேல்சரிவில் கருங்கொட்டைப் பழம் கொட்டிக் கிடக்கிறது, கால் வைத்தால் வழுக்குகிறது, எறும்புதான் மொய்க்கிறது, தின்ன ஆள் இல்லை என்றார். இன்னும் மூன்று வாரத்தில் பழக்காலம் முடிந்துவிடும். நாலுவிரல் பகலெல்லாம் விடுதிக்குப் பின்னால் புதரில் படுத்து ஐந்தரைக்காகக் காத்திருக்கிறது.

"ஆறு மைல் ஏறி எறங்குன ஜீவன். இப்ப அறுபது அடி நடக்க மூச்சு வாங்குது. ரிட்டையரான ஆபீசர் மாதிரி ஆயிடுச்சு, தங்கச்சி."

விதைக்காரி பையைப் பிரித்து அலசினாள். குச்சி ஆறு. ஒன்று உடைந்து, முனை கூராக, ரத்தம் தோய்ந்த சளியோடு வந்திருந்தது. அவள் பதிவேட்டைத் திறக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு நேராக ரேஞ்சர் அறைக்குப் போனாள்.

ரேஞ்சர் மதியச் சாப்பாடு முடித்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். சாப்பாடு விடுதியிலிருந்து வந்தது என்பது மேஜையில் கிடந்த தாளில் தெரிந்தது. ஒரு சிவப்புக் குச்சியால் கடைவாயைக் குத்திக்கொண்டிருந்தார். சிரிக்கிற கரடித் தலை அவர் உதட்டுக்கு வெளியே மேலும் கீழும் ஆடியது.

"ரெண்டு தடவை எழுதிக் குடுத்துட்டேன் சார். இன்னும் அந்தச் சமையல்கட்டை யாரும் மூடச் சொல்லலையே."

"சமையல்கட்டை எதுக்கும்மா மூடணும்?"

அவர் குச்சியாலேயே சுவரைக் காட்டினார். சாவி மாட்டுகிற பலகைக்குப் பின்னால் ஒரு விதித்தாள் ஒட்டியிருந்தது. ஒன்பது வருடமாகச் சாவி எடுக்கிறாள், தாளைப் படித்ததில்லை. மனித உணவு தின்றதாகப் பதிவான கரடிக்கு முதல் தடவை எச்சரிக்கை. இரண்டாவது தடவை கண்காணிப்பு. மூன்றாவது தடவை பிடித்துக் கூண்டில் அடைத்தல்.

"எச்சரிக்கை யாருக்கு சார்?"

"கரடிக்குத்தான்."

கரடிக்கு எச்சரிக்கைக் கடிதத்தை யார் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், அது வாங்கிக் கையெழுத்துப் போட்டதா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. ரேஞ்சர் குஷியாக இருந்தார். இவ்வளவு சுத்தமாக, குச்சி எத்தனை என்பதுவரை யாரும் எழுதிக் கொடுத்ததில்லை, மேலிடத்தில் ஒரு கேள்வி வராது என்று பாராட்டினார். கூண்டு தயாராகிவிட்டதாம். விடுதிக்காரர்கள் செலவிலேயே, விடுதிக்குப் பின்னாலேயே. விலங்கு மீட்பு மையம் என்று பலகைகூட எழுதியாயிற்றாம். இனி விருந்தினர்கள் ஐந்தரை மணிக்கு மட்டும் பார்த்தால் போதாது, எந்நேரமும் பார்க்கலாம்.

"மூணாவது பை வந்திருக்குன்னு நடையன் சொன்னான். வெள்ளிக்கிழமைக்குள்ள பதிவு பண்ணிக் குடுத்துடுங்க. உங்க எழுத்துலதான் எல்லாம் இருக்கு."

அவர் குச்சியை வாயிலிருந்து எடுத்து முனையைப் பார்த்துவிட்டு, துடைத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

அவள் வெளியே வந்து கொஞ்ச நேரம் படிக்கட்டில் உட்கார்ந்தாள். விடுதி அங்கிருந்து தெரியும். பின்புறம் தார்ப்பாய் போர்த்திய ஒன்று, ஒரு லாரியின் நீளம், ஒரு ஆளின் உயரம். தார்ப்பாயின் ஓரம் காற்றில் தூக்கியபோது பச்சைப் பெயின்ட் அடித்த கம்பிகள் தெரிந்தன. இலையும் பூவும்கூட வரைந்திருந்தார்கள். காட்டிலிருந்து பிடித்துவரும் பிராணிக்குக் காடு மாதிரி இருக்கட்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உண்மையிலேயே குமட்டியது. ஒன்பது வருடம் மலத்தில் கை விட்டபோது வராத குமட்டல். அந்தக் கம்பிக்கு அளவெடுத்துக் கொடுத்தது வேறு யாருமில்லை. முத்து முத்தான அவள் எழுத்துதான்.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் மாமா வழக்கம்போல டப்பாவைத் திறந்தார். விதைக்காரி தன் பங்குக்கு ஒரு காகிதப் பொட்டலத்தைத் தட்டின் பக்கத்தில் பிரித்தாள். பதினொரு சிவப்புக் குச்சி, கழுவி உலர்த்தியவை.

மாமா எட்டிப் பார்த்தார். "அட, எங்கே கெடைச்சுது? மேனேஜர் எண்ணிக் கேட்டுக்கிட்டே இருக்கார்."

"நாலுவிரல் வயித்துல."

அக்கா கரண்டியை வைத்தாள். சாப்பிடுகிற இடத்தில் இதென்ன அசிங்கம், எடுத்து வெளியே போடு என்றாள். மாமா தன் கட்சியைச் சொல்ல ஆரம்பித்தார். அவர் என்ன புலியையா அவிழ்த்துவிட்டார்? மேனேஜர் கவிழ்க்கச் சொன்னார், கவிழ்த்தார். பசித்த பிராணிக்குச் சோறு போட்டது பாவமா? மிஞ்சியதைக் குழியில் கொட்டுவதைவிட ஒரு ஜீவன் வாயில் விழட்டுமே. பேசிக்கொண்டே போனவர், மேனேஜர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதற்கு அத்தாட்சியாக இன்னொன்றும் சொன்னார். அந்தக் குச்சிகள் கடல் தாண்டி வருகிறவையாம். வீணாக்கக் கூடாதாம். அதனால் காலையில் கல்மேடையில் கரடி மென்று துப்பிவிட்டுப் போனதையெல்லாம் பொறுக்கி, வெந்நீரில் அலசி, மறுபடியும் கேக்கில் குத்திவிடுவார்களாம்.

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே தான் சொன்னது கேட்டது.

விதைக்காரி எழுந்து ஜன்னலுக்குப் போனாள். அக்கா மகளின் வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். தண்டில் நான்கு பள்ளம், கடைவாய்ப் பல்லின் அகலத்தில். அடுத்ததை எடுத்தாள். அதில் ஒரு காது இல்லை. மூன்றாவதில் தலை பாதி நசுங்கியிருந்தது, வாய் மட்டும் சிரித்தது. பல் தடம் படாதது மூன்றோ நான்கோதான்.

"இதைத்தான் அவ தெனமும் நக்குறா" என்றாள்.

அக்கா மகளின் கையில் அன்றைய குச்சி இருந்தது. அக்கா அதைப் பிடுங்கினாள். பிறகு ஜன்னல் விளிம்பை முந்தானையால் ஒரே வீச்சில் வழித்து, டப்பாவையும் மேலே போட்டுக் கொல்லைப்புறம் போனாள். அவள் வாந்தி எடுக்கிற சத்தம் வந்தது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். புருஷனைப் பார்த்துத்தான் பேசினாள், குரல் உயரவில்லை.

"நீங்க நல்ல சமையக்காரர்னுதான் எங்கப்பா என்னைக் குடுத்தாரு. இன்னொரு நாள் அந்தத் தொட்டியை அந்த மிருகம் வாய் வெக்கிற மாதிரி கவுத்தீங்கன்னா, இந்த வீட்டுல நான் அடுப்பு பத்த வெக்க மாட்டேன்."

மாமா வெகுநேரம் கையை ஈரத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். கவிழ்க்காமல் இருந்தால் மேனேஜர் வேறொருவனைக் கவிழ்க்கச் சொல்வார், வேலையும் போகும், கரடியும் வரும் என்றார். அது நியாயம்தான். விதைக்காரி வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொன்னாள், கூண்டைப் பற்றிச் சொன்னாள், மூன்றாவது பதிவு இன்னும் எழுதவில்லை என்றாள். பதிவு இல்லாமல் இருக்க வேண்டுமானால் கரடி தின்னாமல் போக வேண்டும். தின்னாமல் போக வேண்டுமானால் அதற்கே பிடிக்காமல் போக வேண்டும்.

"நம்ம மாதிரி அதுக்கும் கொமட்டணும் மாமா. அவ்வளவுதான்."

மாமா நிமிர்ந்தார். தொழில் தெரிந்தவனிடம் சரியான கேள்வி கேட்டுவிட்டால் முகத்தில் ஒரு வெளிச்சம் வருமே, அது வந்தது.

"சமைக்கத் தெரிஞ்சவனுக்குக் கெடுக்கவும் தெரியும். மொளகாத்தூள்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் விதைக்காரி மூன்றாவது பையின் மிச்சத்தைக் குழியில் கொட்டி மண் தள்ளினாள். பதிவேட்டில், மாதிரி மழையில் கரைந்துவிட்டது, அலச இயலவில்லை என்று எழுதினாள். அவள் எழுதிய முதல் பொய். எழுத்து மட்டும் வழக்கம்போல முத்து முத்தாகவே விழுந்தது; அது அவளுக்கு என்னவோபோல் இருந்தது. நடையன் பக்கத்தில் நின்று படித்துவிட்டு, ஆமாம், பேய் மழை என்றார். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ரேஞ்சர் படித்துவிட்டு அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பரவாயில்லை, அடுத்த வாரம் வராமலா போகும் என்றார்.

நடந்ததையெல்லாம் மாமா ஒவ்வொரு நாளும் வீட்டில் வந்து சொன்னார். முதல் நாள் இரண்டு கை தூள். நாலுவிரல் வாய் வைத்தது, நின்றது, தும்மியது, மீதியையும் தின்றுவிட்டுப் போனது. இரண்டாம் நாள் அரைப் படி. அது முகத்தைப் புல்லில் தேய்த்து உருண்டது. மாடத்தில் இருந்தவர்கள் கரடி நடனம் ஆடுகிறது என்று படம் பிடித்தார்கள். அதைச் சொல்லும்போது மாமாவுக்கே குரல் இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் மேனேஜர் தொட்டியருகே வந்து மோந்து பார்த்து ஏழு தும்மல் போட்டார். இப்போது வருகிற விருந்தினர்கள் காரம் கேட்கிறார்கள், மிஞ்சுவதும் காரமாகத்தானே மிஞ்சும் என்று மாமா சாதித்துவிட்டார். நான்காம் நாள் நாலுவிரல் கல்மேடையின் ஓரம்வரை வந்தது. மூக்கைத் தூக்கி மோந்தது. பிறகு மாடத்தை நிமிர்ந்து பார்த்ததாம், அத்தனை நாற்காலியையும் ஒரு சுற்று. அந்தப் பார்வையை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்றார் மாமா. அக்காவின் முகத்தில்தான்.

ஐந்தாம் நாள் அது வரவில்லை. ஆறாம் நாளும் வரவில்லை. விருந்தினர்கள் நாற்காலியை எதிரெதிராகத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக் குடித்தார்கள். பலகை எழுதிய கூண்டை வீணாக்க முடியாது, கரடி இல்லாவிட்டால் ஒரு குரங்கையாவது பிடியுங்கள் என்று மேனேஜர் ரேஞ்சரிடம் கேட்டுக்கொண்டிருப்பதாக நடையன் சொன்னார்.

பதினோராம் நாள் நடையன் மேல்சரிவிலிருந்து இறங்கினார். தலைமயிரில் சருகு, முழங்கால்வரை சேறு, கையில் பை. குச்சியில் தொங்கவிடவில்லை, நெஞ்சோடு பிடித்திருந்தார். பக்கத்தில் தடம் இருந்ததாம், நாலு விரல்.

விதைக்காரி பையைப் பிரித்தாள். புளித்த சாறு, ஈர மண், நசுங்கிய இலை. குனிந்து இன்னொரு முறை மோந்தாள். பிறகு வாளியில் கரைத்து, குழாயைத் திறந்து, சல்லடையை ஆட்டினாள். கருங்கொட்டைகள் உருண்டு உருண்டு வந்து கம்பியில் தங்கின. கூழாங்கல் மாதிரி, கறுத்து, மின்னிக்கொண்டு. எண்ணி எண்ணித் தட்டில் வைத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு.

அடிச்சல்லடையில் இன்னும் ஏதோ இருந்தது. விரலால் தள்ளிப் பார்த்தாள். சிவப்பு. குடல் மடிப்பில் எங்கேயோ இத்தனை நாள் சிக்கிக்கிடந்து இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. குச்சி இல்லை, வெறும் தலை. ஒரு காது தேய்ந்து போயிருந்தது. வாய் சிரித்தது.

விதியில் பழையது புதியது என்ற பேச்சு இல்லை. மனித உணவோடு சேர்ந்தது எது இருந்தாலும் பதிவு. இது மூன்றாவது. தார்ப்பாய்க்குக் கீழே கூண்டு இன்னும் அங்கேயேதான் இருந்தது.

அவள் தலையை எடுத்து மேலாடைப் பையில் போட்டுக்கொண்டாள். பதிவேட்டைத் திறந்தாள். கருங்கொட்டை, இருநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினாள். அடுத்த கட்டத்தில், வேறு பொருட்கள்: ஏதுமில்லை. எழுத்து முத்து முத்தாக விழுந்தது. ஒன்பது வருடம் பெருமைப்பட்ட அந்த எழுத்தைப் பார்க்கச் சகிக்காமல் பதிவேட்டை மூடினாள். குழாயடிக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடியும் போட்டுக் கழுவினாள்.

பகல் சாப்பாட்டு மணி அடித்தது. டப்பாவை எடுத்துக்கொண்டு, முதல்முறையாகப் பெஞ்சை விட்டு, வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். பிரித்தாள். அக்கா கட்டிக்கொடுத்த சுத்தமான சோறு. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.